தகுதியும் தோற்றமும்: நேர்முகப் பரீட்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

துணை எஞ்சின்

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்குச் செல்லும் புகையிரதப் பாதை ஏறத்தாழ 12 மைல் தூரத்தினுள் 1400 அடி உயரம் ஏறுகின்றது. 45 அடிக்கு ஓரடி என்னும் கணக்கில் அமைந்த அவ்வேற்றத்தில், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பாரமான வண்டித் தொடரொன்றை ஓர் எஞ்சின் தனித்து இழுத்துச் செல்லல் அரிதாயிருந்தது. எனவே ரம்புக்கனையில் பிறிதோர் எஞ்சின் துணையாகச் சேர்க்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தே வண்டியை மலையேற்றின. ஏற்றம் முடிந்ததும் துணை எஞ்சின் விடுபட்டுத் திரும்பியது. கண்டி நிலையத்திற் காத்திருந்தோர் கண்டது எஞ்சியிருந்த ஓர் எஞ்சினை மாத்திரமே. மலையேறிய பெருமையும் அதற்கே உரியதாயிற்று.

மனிதரின் தகுதி பற்றிய சிந்தனைக்கு இச்செய்தி நல்லதொரு வாயிலாகும். உத்தியோகம் நாடி ஒரே நாளில் ஒரே நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இருவரை எண்ணிக்கொள்க. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே தரத்திற் சித்தியெய்திய கலைப் பட்டதாரிகள். ஒருவன் கொழும்பில் ஆங்கிலம் வழங்கும் இல்லத்திற் பிறந்தவன். தந்தையைக் காண வரும் அதிகாரிகளோடு சிறுவயது முதலே உரையாடிப் பழகியவன். அவனுக்கு நேர்முகப் பரீட்சை என்பது வீட்டு விறாந்தையின் தொடர்ச்சியே. மற்றவன் கடுகண்ணாவையை அண்டிய தோட்டமொன்றின் லயத்திலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவன். அழைப்புக் கடிதம் கிடைத்த நாள்முதல் அவன் ஆயத்தஞ் செய்கின்றான். தான் சேர விழையும் நிறுவனத்தின் வரலாற்றையும் பணிகளையும் தேடிப் படிக்கின்றான். கேட்கப்படக்கூடிய வினாக்களை எழுதி, விடைகளை உரத்துச் சொல்லிப் பார்க்கின்றான். நண்பனொருவனை அதிகாரியாக எதிரே இருத்தி ஒத்திகை பார்க்கின்றான். சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கி, இரவல் வாங்கிய சேர்ட்டை அழுத்தி வைத்து, விடியற்காலைப் புகையிரதத்தில் மலையிறங்குகின்றான். நிலவியல் நோக்கில் அஃது இறக்கம். வாழ்வியல் நோக்கில் அதுவே அவனது செங்குத்தான ஏற்றம்.

இவ்விளைஞன் செய்யும் ஆயத்தம் எத்தகையது? தன்னிடத்து உள்ள தகுதியை வெளிப்படுத்த அவன் பயில்கின்றானா? அன்றித் தன்னிடத்து இல்லாத ஒன்றை உள்ளதுபோற் காட்டப் பயில்கின்றானா? தகுதிக்கும் தகுதியின் தோற்றத்திற்கும் இடையிலுள்ள எல்லை யாது? இவ்வினாக்கள் தொழில்வாய்ப்புப் பற்றிய நடைமுறை வினாக்கள் போலத் தோன்றினும், அடிப்படையில் அறவியல் வினாக்களேயாகும். பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் வாழ்வில் ஒரு முறையேனும் இவற்றை எதிர்கொள்ள நேர்வதால், இவை ஆழ்ந்து நோக்கப்படுதல் வேண்டும்.

ஆயத்தம் பொய்யாகுமா?

உண்மையாளன் ஆயத்தஞ் செய்யத் தேவையில்லை என்பது பரவலாக நிலவும் ஓர் எண்ணம். உள்ளதை உள்ளவாறு சொல்பவனுக்கு ஒத்திகை எதற்கு என்று அவ்வெண்ணமுடையோர் வினவுவர். தற்புகழ்ச்சியை இழிவெனக் கருதும் தமிழ் மரபும் இவ்வெண்ணத்திற்கு அரண் செய்வது போலத் தோன்றும். அவையிலே தன் திறமையைத் தானே எடுத்துரைத்தல், அடக்கத்தைப் பேரணியாகப் போற்றும் பண்பாட்டில் வளர்ந்த இளைஞனுக்குக் கூச்சத்தைத் தருவது இயல்பே. அதிகாரியின் முன் தலைகுனிந்து, தன்னைப் பற்றி இரண்டு சொற்களுக்கு மேற் பேசாதிருப்பதே மரியாதை என்று அவன் இல்லத்திலும் பள்ளியிலும் கற்றுள்ளான்.

எனினும், தமிழ் மரபு இவ்விடயத்தைக் கருதப்படுவதினும் நுணுக்கமாகவே நோக்கியுள்ளது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எத்துணைப் பெரிய நூல்களைச் செய்து முடித்தவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று பாயிரத்திற் கூறுகின்றார். ஆனால் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அடுத்த சூத்திரத்திலேயே, புலவர் தம்மைப் புகழ்தல் தகுமென நான்கு இடங்களை விதந்துரைக்கின்றார். அரசவைக்கு ஓலை எழுதுங்காலும், தம் ஆற்றலை அறியாதாரிடையே இருக்குங்காலும், அவையிலே வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றார் தம்மைப் பழித்த காலத்தும் அது குற்றமாகாது என்பது அவர் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் இற்றைய நேர்முகப் பரீட்சையை அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர் வகுத்த இடங்களுள் முதலாவது விண்ணப்பத்திற்கும் இரண்டாவது நேர்முகப் பரீட்சைக்கும் பெரிதும் பொருந்துவன. ஆற்றலை அறியாதார் முன் ஆற்றலை எடுத்துரைத்தல் தற்பெருமையன்று. அறியாமையை நீக்கும் செயலே அது.

மேலை மெய்யியலிலும் இதற்கிணையான சிந்தனை உண்டு. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமக்கிய அறவியலின் நான்காம் நூலில், தன்னைப் பற்றிய உண்மை கூறலை இரு தீமைகளுக்கு இடைப்பட்ட நன்மையாகக் காட்டுகின்றார். இல்லாததை உண்டெனக் கூறும் வீம்பு ஒரு புறம். உள்ளதை இல்லையெனவோ குறைவெனவோ கூறும் பொய்யடக்கம் மறுபுறம். இரண்டனுள் வீம்பே கொடிதென்று அவர் கருதினும், பொய்யடக்கத்தையும் உண்மையின் எல்லைக்கு வெளியிலேயே வைத்தார். இக்கருத்து மலையகத்து இளைஞனுக்கு விசேடமாக உணர்த்தப்பட வேண்டியது. தோட்டத்து இரவுப் பாடசாலையில் நான்கு ஆண்டுகள் சம்பளமின்றிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவன், அனுபவம் உண்டா என்ற வினாவிற்கு இல்லை என்று விடையளித்தால், அவன் அடக்கமுடையவனாகலாம், உண்மையுரைத்தவனாகான்.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம். தேர்வோனின் கண்ணைத் தெளிவிக்கும் ஆயத்தம் அறத்தின்பாற்பட்டது. அவன் கண்ணை மறைக்கும் ஆயத்தம் அறத்திற்கு மாறானது. தெரிந்ததைத் தடுமாற்றமின்றிச் சொல்லப் பயிலுதல், பணியின் இயல்பை அறிந்து செல்லுதல், தன் அனுபவங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுதல், குறித்த நேரத்திற்கு முன்னர்ச் சென்று சேருதல் ஆகியவை அனைத்தும் முதல் வகையைச் சார்ந்தன. கற்றதை விரித்துரைக்க இயலாமையை வள்ளுவர் அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தில் வன்மையாகக் கண்டிக்கின்றார். மனவலிமை இல்லாதவனுக்கு வாளால் ஆவது யாது என்று வினவி, அவையஞ்சுவானின் நூலறிவையும் அவ்வாளோடு சேர்த்தெண்ணுகின்றார். அச்சத்தை நீக்கப் பயிலுதல் நடிப்பன்று. கற்ற கல்விக்குச் செய்யும் கடனாகும்.

இதற்கு மறுதலையாக, வாசியாத நூலை வாசித்ததாகக் கூறுதல், பிறர் செய்த பணியைத் தனதெனல், மனப்பாடஞ் செய்த வாக்கியத்தைத் தன் நம்பிக்கையெனக் காட்டுதல் ஆகியவை தேர்வோனின் பார்வையை மறைப்பவை. நாட்டின் எப்பாகத்திலும் பணிபுரிவீரா என்று வினவப்படும்போது, ஆறு மாதத்தில் இடமாற்றம் பெற்றுவிடலாம் என்ற உள்ளெண்ணத்தோடு ஆம் என்று கூறுபவன், பின்தங்கிய பிரதேசமொன்றின் பிள்ளைகளுக்கு உரியதை முன்கூட்டியே அபகரித்துக்கொள்கின்றான். பொய்யின் தீங்கு சொல்லப்பட்டவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மறைத்தலும் புனைதலும்

மேற்கூறிய அளவுகோல் எளிதாகத் தோன்றினும், அதனைச் சோதிக்கும் கடினமான வினா ஒன்றுண்டு. தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று அதிகாரி வினவுகின்றார் எனக் கொள்க. தந்தை இறந்துவிட்டார், தாய் கொழுந்தெடுக்கின்றார். இளைஞன் ஒத்திகையின்போது நண்பனின் ஆலோசனைப்படி, தாய் தோட்டத்துறையில் பணியாற்றுகிறார் என்னும் விடையைத் தெரிந்து வைத்துள்ளான். அச்சொற்களில் பொய்யில்லை. ஆயினும் கேட்பவர் தோட்ட அலுவலகத்தையோ மருந்தகத்தையோ எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவை தெரிந்தெடுக்கப்பட்டன. இது பொய்யா?

எண்ணியதனைத்தையும் சொல்லும் கடமை எவர்க்கும் இல்லை. ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற், 1766 ஆம் ஆண்டில் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் உறுதியாக எண்ணும் பலவற்றைச் சொல்லும் துணிவு தமக்கு ஒருபோதும் வாராதெனினும், எண்ணாத எதனையும் தாம் சொல்லப்போவதில்லை எனக் குறிப்பிட்டார். மௌனத்திற்கும் பொய்க்கும் இடையே அவர் இட்ட கோடு இது. ஆனால் தோட்டத்துறை என்னும் விடை மௌனமன்று. அது மெய்ச்சொற்களாற் கட்டப்பட்ட பொய்த்தோற்றம். கேட்போன் உள்ளத்திற் பொய்யான எண்ணமொன்றைப் பிறப்பிக்கும் நோக்குடன் சொல்லப்படுவது, சொல்லால் மெய்யாயினும் செயலாற் பொய்யே.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்தை இதற்கு எதிராக எடுத்துக்காட்டலாம். இளைஞனுக்கு உத்தியோகம் கிடைத்தால் குடும்பம் உயரும்; எவருக்கும் தீங்கில்லை என்று வாதிடலாம். ஆயின் அக்கருத்தின் நிபந்தனை குற்றமின்மையாகும். இவ்விடையாற் குற்றம் எதுவும் விளையவில்லையா? கொழுந்தெடுத்த கைகள் ஈட்டிய கூலியாற் கற்றவன், அக்கைகளை மறைக்க வேண்டியவையாக ஆக்கிவிடுகின்றான். அடுத்து அதே லயத்திலிருந்து வருபவனுக்கும் மறைத்தலே வழியென்று அது கற்பிக்கின்றது. லயத்திலிருந்தும் ஆற்றல் மிக்கோர் வருவர் என்பதை அறியும் வாய்ப்பை அதிகாரியிடமிருந்தும் அது பறிக்கின்றது. எனவே அந்நன்மை முற்றிலும் குற்றமற்றதெனக் கூறுதற்கில்லை.

இவ்விடத்து இளைஞன்மீது மட்டும் தீர்ப்புக் கூறுதல் நீதியாகாது. மலையகத் தமிழர் வரலாறு அவனுடைய அச்சத்திற்குப் போதிய காரணம் தருகின்றது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய முன்னோரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பிரசையல்லாதோர்க்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெருமளவு தீர்ந்தது. மூன்று தலைமுறையாக முகவரியே குற்றமாகக் கருதப்பட்ட சமூகத்திற் பிறந்தவன், முகவரி கேட்கப்படுகையில் தயங்குதல் வியப்பன்று. தாயின் தொழிலை அறிவதாற் பதவிக்குரிய தகுதி எதுவும் புலப்படுவதில்லை. தேவையற்ற வினாவை வினவுவோர், விடையளிப்போனைப் பொய்யின் விளிம்பிற்குத் தள்ளுகின்றனர். அவ்வினாவைத் தவிர்த்தல் வினவுவோர் கடமை. வினவப்பட்டால், தாய் கொழுந்தெடுக்கும் தொழிலாளி என்று தலைநிமிர்ந்து கூறுதல் அவ்விளைஞனின் உயர்வு. முன்னது நீதி. பின்னது அதற்கும் மேற்பட்ட பண்பு. அதனை எவரும் அவனிடம் கட்டாயமாகக் கோருதற்கில்லை.

தேர்வோர் அறம்

நேர்முகப் பரீட்சை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மேசைக்கு ஒரு புறம் அமர்ந்திருப்பவனுக்கே கூறப்படுகின்றன. மறுபுறம் அமர்ந்திருப்போரின் அறம் பற்றிப் பேசுவோர் அரியர். திருக்குறள் இதற்கு விலக்காகும். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய இரண்டு அதிகாரங்களும் தேர்வோனை நோக்கியே பேசுகின்றன. குணத்தையும் குற்றத்தையும் நாடி அவற்றுள் மிகுதியானதைக் கொள்க என்பதும், குற்றமற்றக் கற்றாரிடத்தும் ஆராய்ந்தால் அறியாமை முற்றாக இல்லாதிருத்தல் அரிது என்பதும், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்பதும் அவற்றின் சாரம். பேச்சை உரைகல்லாகக் கொள்ளாது செயலைக் கொண்டமை சிந்திக்கத்தக்கது.

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவனைச் சோதித்துத் தெளியவேண்டும் என்ற கருத்தும் அங்குண்டு. அமைச்சரை மறைவான தூண்டுதல்களாற் சோதிக்கும் முறை கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் விரிவாகக் கூறப்படுகின்றது. பொய்யான சூழ்ச்சியொன்றை அமைத்து மெய்யைக் கண்டறியும் அம்முறை, அறவியல் நோக்கில் ஐயத்திற்குரியதே. விண்ணப்பதாரியைத் திகைக்கச் செய்வதற்கென்றே பொருந்தா வினாக்களை எழுப்பி, அத்திகைப்பைத் தகுதியின்மைக்குச் சான்றாக்கும் இற்றைய வழக்கமும் அதன் எச்சமெனலாம். பொய்யுரையற்க என்று ஒருவனிடம் கோருவோர், அவனைப் பொறியில் வீழ்த்தல் முறையன்று.

தேர்வில் மனிதரின் விருப்புவெறுப்பை அகற்ற முயன்றதற்குத் தமிழக வரலாற்றில் உத்தரமேரூர்க் குடவோலை முறை சிறந்த உதாரணமாகும். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அம்முறையை விபரிக்கின்றன. வயது 35 க்கு மேல் 70 க்குள் இருத்தல், வரி செலுத்தும் நிலம் உடைமை, கல்வி ஆகியன முதலில் நோக்கப்பட்டன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்கள் குடத்திலிடப்பட்டு, சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. நிலமில்லாதோர்க்கும் அந்தணர் அல்லாதோர்க்கும் அங்கு இடமிருக்கவில்லை என்பது மறக்கப்படலாகாது. ஆயினும், குறைந்தபட்சத் தகுதிக்கு அப்பால் மனிதன் மனிதனைத் துல்லியமாக எடைபோட இயலாது என்னும் பணிவு அம்முறையின் அடியில் உண்டு.

இலங்கையில் எழுத்துப் பரீட்சையும் ஒரு காலத்தில் இத்தகைய நடுநிலையின் கருவியாக விளங்கிற்று. பிரித்தானியரின் ஏகபோகமாயிருந்த இலங்கைச் சிவில் சேவையினுள் திறந்த போட்டிப் பரீட்சை வாயிலாக 1875 ஆம் ஆண்டில் முதன்முதலிற் புகுந்த இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். ஆளுவோரின் விருப்பத்தாற் கிடையாதது, விடைத்தாளினாற் கிடைத்தது. எனினும் பரீட்சையும் எப்போதும் நடுநிலையானதன்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை அடுத்து, அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. அப்பரீட்சை காரணமாகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் நீதிமன்றஞ் சென்றார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்திற்காக முடிக்கெதிராக வழக்காட இயலாதென்று அதனை மாற்றியது. 1969 இல் கோமறைக் கழகம் அம்மாற்றத்தை நிராகரித்தது. ஆயினும் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்னும் மூலவினாவிற்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. தகுதி எது என்று வரையறுப்போரின் கையிலேயே தேர்வின் முடிவும் பாதி தங்கியுள்ளது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

ஆங்கிலத்தின் நிலையும் இதுவே. சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்றழைப்பர். வாள் என்பது அதன் பொருள். பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. வாள் தன்னை ஏந்தியவனுக்கு ஆற்றலைத் தருகின்றது, ஏந்தாதவனை வெட்டுகின்றது. ஆங்கிலத்தில் நடைபெறும் பணிக்கு ஆங்கில அறிவைச் சோதித்தல் தவறன்று. ஆனால் தமிழ்ப் பிரதேசமொன்றில் தமிழில் ஆற்றவேண்டிய பணிக்கு வந்தவனை, ஆங்கிலத்தின் உச்சரிப்பைக் கொண்டு அளத்தல், பணியை விடுத்துப் பிறப்பை அளத்தலாகும். சிங்கள இளைஞனும் தமிழ் இளைஞனும் ஒரே வாளால் வெட்டுண்கின்றனர் என்பது இருசாராரும் உணரவேண்டிய உண்மை.

வாளினும் கூரியது சிபாரிசுக் கடிதம். 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை அடுத்து அறிமுகமான தொழில் வங்கித் திட்டத்தின்கீழ், விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மூலமே பகிரப்பட்டன. அதற்கு முன்னரும் பின்னரும் அரசியல்வாதியின் கடிதம் பட்டத்தினும் வலிமையுடையதாகத் திகழ்ந்தது. 1971 இலும் 1987 முதல் 1989 வரையிலும் நிகழ்ந்த இளைஞர் எழுச்சிகளின் பின்னணியை ஆராய்ந்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், நியமனங்களில் அரசியற் செல்வாக்கு நிலவியமை இளைஞரின் கொந்தளிப்பிற்கு ஒரு முதன்மைக் காரணமெனச் சுட்டியது. நேர்மையற்ற தேர்வு ஒருவனின் தொழிலை மட்டும் பறிப்பதன்று. நாட்டின்மீது அவன் கொண்ட நம்பிக்கையையும் அது பறித்துவிடுகின்றது.

இங்கு துணை எஞ்சின் மீண்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒத்திகைக்கு உதவிய நண்பனும் ஒரு துணை. கடிதந்தரும் அரசியல்வாதியும் ஒரு துணை. முன்னதை ஏற்று, பின்னதை மறுத்தல் முரண்பாடன்றோ என வினவப்படலாம். முரண்பாடன்று. நண்பனின் துணை, விண்ணப்பதாரியின் ஆற்றலைத் தேர்வோர் காணும்படி செய்கின்றது. கடிதத்தின் துணையோ, தேர்வோர் எதனையும் காணவேண்டியதில்லை என்று ஆக்கிவிடுகின்றது. மாமனோ ஊர்ப் பெரியவரோ அன்பினால் அக்கடிதத்தைப் பெற்றுத்தர முன்வரும்போது, வேலையற்று வீட்டிலிருக்கும் பட்டதாரி அதனை மறுத்தல் எளிதன்று. எல்லோரும் கடிதத்தோடு வருகையில் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு செல்லல் பேதைமை என்று உலகம் கூறும். ஆனால் அவன் நீட்டும் கடிதம், வரிசையில் நிற்கும் மற்றொருவனின் நியாயமான இடத்தின்மீது விழும் கை என்பதை மறைத்தற்கில்லை. அம்மற்றொருவனும் பெரும்பாலும் ஒரு லயத்திலிருந்தோ குடிசையிலிருந்தோ வந்தவனே.

இவ்வாறாயின் தேர்வோர் செய்யத்தக்கது யாது? உளவியலாளர் பல ஆண்டுகளாக இதனை ஆராய்ந்துள்ளனர். பணிக்குப் பொருந்தும் வினாக்களை முன்னரே வகுத்து, எல்லோரிடமும் அவற்றையே வினவி, முன்னரே தீர்மானித்த திட்டப்படி புள்ளியிடும் முறை, மனம்போன போக்கில் உரையாடி முடிவு செய்யும் முறையினும் நம்பத்தக்கது என்பது அவர்தம் முடிபு. சாக்கெற் முதலியோர் 2022 இல் வெளியிட்ட மீளாய்வில், தேர்வு முறைகள் பலவற்றுள்ளும் இத்தகைய நேர்முகப் பரீட்சையே முதலிடம் பெற்றது. ஆயின் அதன் முன்னறி ஆற்றலும், 1 ஐ முழுமையெனக் கொள்ளின், 0.42 என்னும் அளவினதே. மிகச் சிறந்த முறையே இவ்வாறாயின், பதினைந்து நிமிடத்தில் ஒருவனின் உள்ளத்தைப் படித்துவிட்டதாக எண்ணும் அதிகாரியின் தன்னம்பிக்கை எத்துணை ஆதாரமற்றது என்பதைக் கூறவேண்டியதில்லை.

வெற்றி என்பது யாது?

ஒரு பதவிக்குப் பத்துப்பேர் வருகின்றனர். ஒருவர் தெரிவு செய்யப்பட ஒன்பதின்மர் திரும்புகின்றனர். எத்துணை நேர்மையாகத் தேர்வு நடப்பினும் இக்கணக்கு மாறாது. இங்கிலாந்து, யப்பான், இலங்கை, கெனியா ஆகிய நாடுகளை ஒப்புநோக்கி றொனால்ட் டோர் 1976 இல் எழுதிய நூல், சான்றிதழ் நாட்டத்தை ஒரு நோயென்றே வருணித்தது. தொழில்கள் குறையக் குறையச் சான்றிதழ்களின் தேவை கூடும். கல்வி அறிவுக்கன்றித் தகைமைக்கே என்றாகிவிடும் என்பது அவர் விளக்கம். நேர்முகப் பரீட்சை ஆயத்தமும் அந்நோய்க்கு இரையாகலாம். எல்லோரும் ஒரே நூலிலிருந்து ஒரே விடைகளை மனனஞ் செய்து வரின், ஆயத்தம் எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. மேலும் ஒரு சுமையாகவே எஞ்சும். தொழில்களைப் பெருக்காத சமூகம், தொழில் பெறும் கலையை மட்டும் இளைஞர்க்குக் கற்பித்தல், ஒரே கதிரையைச் சுற்றிப் பலரை ஓடப் பழக்குவதையொக்கும். இவ்வுண்மையை ஒதுக்கி வெற்றி பற்றிப் பேசுதல் பயனற்றது.

தகுதிக்கே முதலிடம் என்னும் கொள்கைக்கும் ஓர் ஆபத்துண்டு. தகுதியாட்சி என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொல், மைக்கல் யங் 1958 இல் வெளியிட்ட அங்கத நூலாற் பிரபலமாயிற்று. வென்றோர் தம் வெற்றி முழுதும் தமக்கே உரியதென்று செருக்குறுவர். தோற்றோர் தம் தோல்விக்குத் தாமே காரணமென்று கூனிக்குறுகுவர் என்பதே அந்நூலின் எச்சரிக்கை. துணை எஞ்சினை மறந்த எஞ்சினின் செருக்கு முன்னது. துணை எஞ்சினின்றி மலையேற விடப்பட்ட எஞ்சினின் நாணம் பின்னது. இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை.

கடுகண்ணாவையில் உயர்ந்து நிற்கும் டோசன் கோபுரம் இவ்வுண்மைக்குக் கற்சான்றாகும். ஆளுநர் பார்ன்ஸ் காலத்துக் கொழும்பு - கண்டி வீதியைத் திட்டமிட்டமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் நினைவாக 1832 ஆம் ஆண்டில் இக்கோபுரம் எழுப்பப்பட்டது. அவருடைய திறமை மெய்யானதே. அதனைப் போற்றலும் தகும். ஆனால் கற்பாறையைப் பிளந்தும் மண்ணைச் சுமந்தும் அவ்வீதியைச் சமைத்தோர், இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பின்கீழ் அழைத்துவரப்பட்ட கிராமத்தவர். அவர்களுள் எவரும் தம் தகுதியை எடுத்துரைக்க அழைக்கப்படவில்லை. எவர் பெயரும் கல்லிற் பொறிக்கப்படவில்லை. கோபுரம் எழுந்த அதே 1832 ஆம் ஆண்டிலேயே இராசகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது என்பது வரலாற்றின் பொருள் பொதிந்த தற்செயல். ஒருவரின் பெயர் வெளியே தெரிவதற்கும் அவர் உழைப்பின் பெறுமதிக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதை அவ்வீதியே பறைசாற்றுகின்றது.

ஆகவே நேர்முகப் பரீட்சையில் வெற்றி என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. பதவியைப் பெறுதல் ஒன்று. தன்னை உள்ளவாறு காணச்செய்து திரும்புதல் மற்றொன்று. முதலாவது விண்ணப்பதாரியின் கையில் முழுமையாக இல்லை; இரண்டாவது பெரும்பாலும் அவன் கையிலேயே உள்ளது. இரண்டாவதை வென்று முதலாவதை இழந்தவன் வெறுங்கையனல்லன். முதலாவதை வென்று இரண்டாவதை இழந்தவனோ, தான் புனைந்த மனிதனாகப் பணிக்காலம் முழுதும் நடிக்கக் கடவன். இது வேலையற்றோரைச் சமாதானப்படுத்தும் வெற்றுரையன்று. பசிக்குத் தத்துவம் உணவாகாது என்பதும் உண்மையே. அதனாற்றான் தேர்வோரின் அறமும் தொழில்களைப் பெருக்க வேண்டிய அரசின் கடமையும் விண்ணப்பதாரியின் ஒழுக்கத்தோடு சேர்த்தே பேசப்படுதல் வேண்டும். ஒன்றை வலியுறுத்தி மற்றையவற்றை மறத்தல் ஏழையின்மீதே அறத்தின் பாரம் முழுவதையும் சுமத்துவதாகும்.

மாலைப் புகையிரதத்தில் அவ்விளைஞன் மலையேறித் திரும்புகின்றான். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. தாயின் தொழில் பற்றி வினவப்பட்டபோது அவன் என்ன விடை கூறினான் என்பதை அவனும் அதிகாரிகளும் மாத்திரமே அறிவர். லயத்து வாசலிலே காத்திருக்கும் தாய், வேலை கிடைக்குமா என்று கேட்பதன் முன், சாப்பிட்டாயா என்றே கேட்பாள். அக்கேள்விக்கு ஒத்திகை தேவையில்லை. ஆயின் அவள் முகத்தை நேரே நோக்கி விடையளிக்க அவனால் இயலுமாயின், அன்றைய பரீட்சைகளுள் ஒன்றிலேனும் அவன் ஐயமின்றிச் சித்தியெய்தியவனே.